தைலம் தேய்த்தால் குருத்தெலும்பு வளராது

"நீலகிரித் தைலத்தை 21 நாள் முழங்காலில் தேய்த்தால், தேய்ந்த குருத்தெலும்பு திரும்ப வளரும். தோல் புண் ஆறுவதில்லையா, அதுபோலத்தான்." குன்னூர், கோத்தகிரி பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தச் செய்தி தவறு.

உடலின் திசுக்கள் நான்கு வகை: எபிதீலியம் (மேற்பரப்பை மூடும் திசு), இணைப்புத் திசு, தசை, நரம்பு. எல்லாம் ஒரே மாதிரி ஆறுவதில்லை. மேல்தோல் எபிதீலியம் வகை; அதன் அடியடுக்குச் செல்கள் ஓயாமல் பிரிவதால் ஏறக்குறைய ஒரு மாதத்தில் புதிதாகிவிடும். குருத்தெலும்போ இணைப்புத் திசு. எலும்பும் அதே வகைதான், ஆனால் அதற்கு ரத்த ஓட்டம் உண்டு, முறிந்தால் கூடும். மூட்டுக் குருத்தெலும்பில் ரத்தக்குழாயும் இல்லை, நரம்பும் இல்லை, செல்களும் சொற்பம். மூட்டுத் திரவத்திலிருந்து ஊறி வருவதே அதற்கு முக்கிய உணவு. தோலில் தேய்ப்பது அதை வளர்க்காது.

பிறகு ஏன் சுகமாக இருக்கிறது? தைலத்திலுள்ள சினியோல் என்ற வேதிப்பொருள் தோலின் நரம்பு முனைகளில் குளிர்ச்சியைத் தூண்டுகிறது; வலி சற்று மங்குகிறது. அவ்வளவுதான்.

தேயிலைச் சரிவில் இறங்கும்போது முழங்காலைத் தாங்குவது தொடையின் முன்தசை. அதைப் பலப்படுத்தலாம்: மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கி, மற்றதை நேராக ஒரு சாண் உயர்த்தி 5 விநாடி நிறுத்துங்கள்; காலுக்கு 10 முறை, இரு வேளை. மூட்டு வீங்கினாலோ பூட்டிக்கொண்டாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

அந்தச் செய்தியின் கடைசியில் வரும் "வெந்நீரில் ஒரு ஸ்பூன் குடிக்கலாம்" என்ற வால்தான் ஆபத்து. சில மில்லிலிட்டர் தைலமே குழந்தைக்கு வலிப்பு வரவைக்கலாம். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், பாட்டிலோடு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.