60 ரூபாய்க்கு இரண்டு கரண்டி மஞ்சள் சோறு

மகள் படிக்கிற பள்ளிக்கூடத்திலிருந்து புதுத் தவணைக்கான சர்குலர் வந்திருக்கிறது. மதியச் சாப்பாட்டுக் கட்டணம் நாளொன்றுக்கு 45 ரூபாயிலிருந்து 60 ஆகிறதாம். காரணம், விலைவாசி. சரி, தேங்காயும் தேங்காய் எண்ணெயும் விற்கிற விலை குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் போடுகிற சாப்பாட்டில் தேங்காயே கிடையாதே ஐயா!

பிடிக்கவில்லை என்றால் டிபன் கட்டிக் கொடுத்து அனுப்பலாமே என்று நினைப்பீர்கள். அங்கேதான் பூட்டுப் போட்டிருக்கிறார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பள்ளிச் சாப்பாடு கட்டாயம், வீட்டுச் சாப்பாடு கொண்டுவரக் கூடாது. எல்லாப் பிள்ளைகளும் ஒரே உணவைச் சாப்பிட்டால் ஏற்றத்தாழ்வு இருக்காதாம். இந்தச் சமத்துவத்தை எல்.கே.ஜி. சீட்டுக்குப் பணம் வாங்கும்போது காட்டியிருந்தால் நாங்களும் கைதட்டியிருப்போம்.

அந்த ஒரே உணவு என்னவென்று கேளுங்கள். திங்கள் லெமன் ரைஸ், செவ்வாய் தக்காளி சோறு, புதன் பிரைடு ரைஸ் என்று பெயர் மட்டும் மாறுகிறது. நிறம் மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. தொடுகறி என்றால் உருளைக்கிழங்கு, வெள்ளிக்கிழமை நமத்துப்போன அப்பளம். பள்ளிக்குள் சமைப்பது கிடையாது. காண்ட்ராக்ட்காரர் வேறெங்கோ காலையிலேயே ஆக்கி, மூடி போட்டு வேனில் ஏற்றி அனுப்புகிறார். ஏழாம் வகுப்புக்கு முறை வரும்போது மணி ஒன்றேகால். நம் ஊர்ப் புழுக்கத்தில் அவ்வளவு நேரம் மூடிக் கிடந்த சோறு எப்படி இருக்கும் என்று சமையல் தெரிந்த யாருக்கும் விளக்க வேண்டாம்.

பிள்ளைகள் இரண்டு வாய் தின்றுவிட்டு மீதியைக் குப்பைத்தொட்டியில் கொட்டுகிறார்கள். அப்புறம் பசிக்கும் அல்லவா, நேரே கேன்டீன் கவுண்டருக்குப் போகிறார்கள். பப்ஸ் 30 ரூபாய், பாக்கெட் சிப்ஸ், கலர் தண்ணீர். அதற்கு ஒரு கார்டு, அதில் நாம் முன்கூட்டியே பணம் ஏற்றி வைக்க வேண்டும். கவுண்டரை நடத்துவது யார்? அதே காண்ட்ராக்ட்காரர்! சோறு வாய்க்கு விளங்கினால் பப்ஸ் விற்காது. விளங்காமல் இருந்தால் ஒரே பிள்ளையிடம் ஒரே மதியத்தில் இரண்டு தடவை காசு வாங்கலாம். கேட் பூட்டியிருக்கிறது, எதிர்க்கடைக்கும் போக முடியாது. சமையல்காரருக்குக் கைப்பக்குவம் இல்லை என்று நான் ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். இதில் கைப்பக்குவத்துக்கு வேலையே இல்லை.

இதற்கெல்லாம் விதியே இல்லையா என்றால், இருக்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-லேயே பள்ளிகளுக்கென்று தனி விதிமுறை போட்டுவிட்டது. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் அதிகமுள்ள தின்பண்டங்களைப் பள்ளி வளாகத்துக்குள் விற்கக் கூடாது, வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் கூடாது. இவர்களோ வாசலில் மாங்காயும் நெல்லிக்காயும் உப்பு தூவி விற்ற பாட்டியைச் சுகாதாரக் கேடு என்று விரட்டிவிட்டு, உள்ளே சிப்ஸைச் சரம் சரமாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

எதிர்வீட்டு அக்காவின் மகன் அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பு. அவனுக்குத் தினமும் முட்டை. ஒரு நாள் வெஜிடபிள் பிரியாணி, ஒரு நாள் கொண்டைக்கடலை புலவு, ஒரு நாள் சோறும் சாம்பாரும். ஆறு முதல் எட்டு வரை படிக்கிற பிள்ளைக்கு மதிய உணவில் 700 கலோரியும் 20 கிராம் புரதமும் இருக்க வேண்டும் என்பது அரசாங்கக் கணக்கு. அதற்குச் சமையல் செலவாக 2025 மே மாதத்திலிருந்து வைத்திருக்கும் தொகை பிள்ளைக்கு நாளொன்றுக்கு 10 ரூபாய் 17 காசு. அரிசி, முட்டை, ஆள் கூலியெல்லாம் தனிதான், ஒத்துக்கொள்கிறேன். அதையும் கூட்டினால்கூட 60 ரூபாயை எட்டாது. சத்துணவில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை, மையத்துக்கு மையம் ருசி மாறும். ஆனால் அங்கே பிள்ளைக்கு இவ்வளவு புரதம் என்று ஒரு கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் சர்குலரில் எழுதியிருப்பது வங்கிக் கணக்கு எண் மட்டும். பள்ளிக்கூடம்தோறும் மதிய உணவைக் கொண்டுபோன காமராஜரை, 'அப்பச்சி' என்று கூப்பிட்டு 1969-லும் 1971-லும் நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது அன்றைக்கு நாகர்கோவில் என்றிருந்த இதே நம் தொகுதிதான். அவர் சிலைக்கு வருஷா வருஷம் ஜூலை 15 அன்று மாலை போடுகிறது எங்கள் பள்ளி நிர்வாகம்!

முட்டை என்றதும் இன்னொரு எரிச்சல். பள்ளிச் சாப்பாடு கட்டாயமில்லாத ஐந்தாம் வகுப்பு வரைக்கும் டிபன் கொண்டுபோகலாம், ஆனால் மீனும் முட்டையும் கூடாது. வாடை வருமாம். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம், சின்னமுட்டம் என்று மாவட்டம் முழுக்கக் கடலை வைத்துக்கொண்டு, வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் அப்பாமார் கடலுக்குப் போய்ச் சம்பாதித்த காசில் ஃபீஸ் வாங்கிக்கொண்டு, நாலு சாளை பொரித்து வைத்தால் வாடையா? அந்த நாலு சாளையில் இருக்கிற சத்து இவர்களுடைய ஒரு வாரத்து மஞ்சள் சோற்றில் இருக்காது.

ஆக்கத் தெரிந்தவர்களுக்கா இங்கே பஞ்சம்? நம் ஊர்க் கல்யாண வீட்டில் ஆயிரம் பேருக்கு அவியல், எரிசேரி, புளிசேரி என்று அசராமல் சமைக்கிறார்கள். மரச்சீனிக் கிழங்கை வேகவைத்து மயக்கி ஒரு பயறு துவரன் வைத்தால் பிள்ளைகள் வழித்துத் தின்னும். நம் மாவட்டத்து மட்டி வாழைப்பழத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடே வந்தாயிற்று, மேடையில் பெருமையாகப் பேசுகிறோம், அதில் ஒன்றைத் தட்டில் வைக்க இவர்களுக்குக் கை வரவில்லை.

லீவு நாள் கணக்கு இன்னும் மோசம். கோட்டார் சவேரியார் திருவிழா, மண்டைக்காடு கொடை, அய்யா வைகுண்டசாமி பிறந்தநாள் என்று நமக்கு உள்ளூர் விடுமுறைகள் உண்டு. போதாததற்கு இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம், கலெக்டர் மழை லீவு விட்டுக்கொண்டே இருப்பார். அந்த நாட்களுக்கும் சேர்த்துத்தான் மெஸ் ஃபீஸ் கட்டியிருக்கிறோம். போன தவணையில் திருப்பிக் கேட்டதற்கு ஆபீஸில் இருந்த அம்மா, "இதையெல்லாமா கேப்பீங்க?" என்றார்கள். ஏன் கேட்கக் கூடாது? ஆக்காத சோற்றுக்குத்தானே காசு!

பெற்றோர்கள் லேசுப்பட்டவர்களா? வாட்ஸ்அப் குழுவில் பத்து மணிக்கு மேல் பொங்குவார்கள். காலையில் பிரின்சிபாலைப் பார்த்ததும் "குட் மார்னிங் மேடம், எல்லாம் சூப்பர்" என்பார்கள். எதிர்த்துப் பேசினால் பிள்ளையைக் குறி வைப்பார்களோ என்ற பயம் எனக்கும்தான் இருக்கிறது.

இருந்தாலும் சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் கேட்கப் போகிறேன். உணவு விற்கிற இடத்தில் ஒட்டியிருக்க வேண்டிய 14 இலக்க உரிம எண் எங்கள் கேன்டீனில் எங்கே? வீட்டுச் சோற்றுக்குத் தடை எந்தச் சட்டத்தில்? காண்ட்ராக்ட் யாருக்கு, எத்தனை வருஷத்துக்கு? "நீ பேசு, நான் பின்னால நிக்கேன்" என்று போனில் சொன்ன அக்காமாரே, அண்ணன்மாரே, பின்னால் நின்றால் மேடையிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. பத்தரை மணிக்கு வந்து முன்வரிசையில் என் பக்கத்தில் உட்காருங்கள்.