பிடிக்காத பாட்டுக்கு எதிராக ஓட்டுப் போட பட்டன் கிடையாது

ஐரோப்பிய நாடுகளுக்கிடையே நடக்கும் பாட்டுப் போட்டியான யூரோவிஷன் 2025 மே மாதம் முடிந்ததே, அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து ஒரே புலம்பல். ஐரோப்பாவுக்கு பிரிட்டனைக் கண்டாலே ஆகாதாம். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் பிரிட்டன் வெளியேறிய பிரெக்சிட்டுக்குப் பழி தீர்த்துவிட்டார்களாம். ஸ்விட்சர்லாந்தின் பாசெலில் பிரிட்டனுக்காகப் பாடிய 'ரிமெம்பர் மண்டே' பெண்கள் மூவருக்கும் மக்கள் ஓட்டில் முட்டை விழுந்ததுதான் விழுந்தது, யூரோவிஷன் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்கள் எல்லாம் ஒரே ராத்திரியில் ஐரோப்பிய அரசியல் நிபுணர்களாகிவிட்டார்கள். நம் ஊர்க் கணக்கில் நள்ளிரவு பன்னிரண்டரைக்கு ஆரம்பித்து விடியற்காலை நாலரைக்கு மேல் முடிகிற நிகழ்ச்சி அது. எத்தனை பேர் விழித்திருந்து பார்த்துவிட்டு எழுதுகிறீர்கள் என்று கேட்கமாட்டேன். கேட்டால் சண்டை வரும்.

ஒன்றே ஒன்றுதான் சொல்ல வந்தேன். யூரோவிஷனில் பிடிக்காத பாட்டுக்கு எதிராக மக்கள் ஓட்டுப் போட முடியாது. அப்படி ஒரு பட்டனே கிடையாது.

கணக்கைப் பாருங்கள். ஒவ்வொரு நாட்டிலும் மக்கள் ஓட்டை எண்ணி, முதல் பத்து இடம் பிடித்த பாட்டுகளுக்கு மட்டும் 12, 10, 8, பிறகு 7-லிருந்து 1 வரை புள்ளி. ஃபைனலில் 26 பாட்டு. பதினோராவது வந்த பாட்டுக்கும் முட்டை, கடைசியில் வந்ததற்கும் அதே முட்டை. ஊருக்கு ஊர் பதினோராவதாக வந்தால் ஓட்டு மூட்டை மூட்டையாக விழுந்திருந்தாலும் பலகையில் பூஜ்யம்தான் தெரியும். 2025-இல் கலந்துகொண்டது 37 நாடு. சொந்த நாட்டுக்கு ஓட்டுப் போட முடியாது என்பதால் பிரிட்டனைக் கழித்தால் 36. அதோடு 'மற்ற உலகம்' என்று 2023-லிருந்து ஒரு கணக்கு உண்டு. சென்னையிலிருந்து நாம் கார்டு வைத்து ஆன்லைனில் போடும் ஓட்டெல்லாம் போய்ச் சேருவது அதில்தான். ஆக 37 பட்டியல், பட்டியலுக்குப் பத்து, மொத்தம் 370 இடம். அதில் ஒரு இடத்தில்கூட இவர்கள் பாட்டு உட்காரவில்லை. பூஜ்யத்துக்கு அர்த்தம் அவ்வளவுதான். யாரும் வெறுத்ததாக அர்த்தம் இல்லை, எந்த நாட்டின் முதல் பத்திலும் வரவில்லை.

2025-இல் ஒருத்தர் 20 ஓட்டு வரை போடலாம் என்று இருந்தது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெறி பிடித்த ரசிகர் இருபதும் ஒரே பாட்டுக்குப் போடுவார். "பரவாயில்லை, நல்லாத்தான் இருந்தது" என்று நினைத்தவர் காசு கொடுத்து ஒன்றுகூடப் போடமாட்டார். பத்து லட்சம் பேருக்குப் 'பரவாயில்லை' என்று தோன்றிய பாட்டு ஆயிரம் பேருக்கு உயிரான பாட்டிடம் தோற்கும் இடம் இது.

வன்மம் தீர்க்க வாய்ப்பு இருக்கிற ஒரே இடம் ஜூரி. மக்கள் ஓட்டு போக, நாட்டுக்கு ஒரு நடுவர் குழுவும் இதேபோல் புள்ளி போடும். 2025-இல் குழுவுக்கு ஐந்து பேர், இசைத்துறையைச் சேர்ந்தவர்கள். அவர்கள் எல்லாப் பாட்டையும் முதலிலிருந்து கடைசிவரை வரிசைப்படுத்த வேண்டும். பிரிட்டனைப் பிடிக்காதவர் அதைக் கொண்டுபோய்க் கடைசியில் வைக்கலாம். அந்த ஜூரிதான் இவர்களுக்கு 88 புள்ளி கொடுத்தது! வெறுக்க வழியிருந்தவர்கள் அள்ளிக் கொடுத்திருக்கிறார்கள், வெறுக்க வழியே இல்லாதவர்கள் வெறுத்துவிட்டார்களாம். என்ன தர்க்கம் ஐயா இது?

இன்னொன்று. அதே ராத்திரி, அதே மேடையில், மக்கள் ஓட்டில் முட்டை வாங்கிய இன்னொரு நாடு இருக்கிறது. போட்டியை நடத்திய ஸ்விட்சர்லாந்து. ஜூரி கொடுத்தது 214, மக்கள் கொடுத்தது பூஜ்யம், மொத்தத்தில் பத்தாவது இடம். ஐரோப்பா ஸ்விட்சர்லாந்தை எதற்குப் பழிவாங்கியது, சாக்லேட் விலை ஏறியதற்கா? 2015-இல் வியன்னாவில் போட்டியை நடத்திய ஆஸ்திரியாவுக்கே மொத்தமும் பூஜ்யம், அதற்கு முந்தின வருஷம் ஜெயித்த நாடு அது. 2021-இல் ராட்டர்டாமில் மக்கள் ஓட்டில் நாலு முட்டை: பிரிட்டன், ஜெர்மனி, ஸ்பெயின், அதோடு விருந்து வைத்த நெதர்லாந்து. இதற்கெல்லாம் ஒரு பதிவுகூட வரவில்லை. பிரிட்டனுக்கு விழுந்தால் மட்டும் சதி.

"அப்போ அரசியலே இல்லைங்கிறியா?" என்று கமெண்டில் ஒருவர் வருவார், தெரியும். இருக்கிறது. கிரீஸும் சைப்ரஸும் ஒருவருக்கொருவர் பன்னிரண்டு புள்ளி கொடுத்துக்கொள்வது ஊரறிந்த கதை, அரங்கமே சிரிக்கும். பக்கத்து வீட்டுப் பாசம் ஒரு பாட்டை எட்டாவதிலிருந்து ஐந்தாவதுக்குத் தூக்கும். ஜெயிக்க வைக்காது. போர்ச்சுகலுக்கு நிலத்தில் அண்டை நாடு என்று இருப்பது ஸ்பெயின் ஒன்றுதான். 1964-இல் நுழைந்து, ஒரு தடவைகூட ஜெயிக்காமல் இருந்து, 2017-இல் சல்வடோர் சோப்ரால் வந்து நின்றார். ஆட்டம் இல்லை, நெருப்பு இல்லை, மெதுவான போர்ச்சுகீசியப் பாட்டு. 758 புள்ளி. எந்தப் பக்கத்து வீட்டுக்காரர் போட்டார் அதை?

பிரெக்சிட்காரர்களுக்கு ஒரு வருஷத்தை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன். பிரிட்டன் வெளியேறியது 2020 ஜனவரியில். 2022-இல் டூரினில் சாம் ரைடர் 466 புள்ளி வாங்கினார். ஜூரியில் 283, எல்லோரையும்விட அதிகம். மக்கள் ஓட்டில் 183. மொத்தத்தில் இரண்டாவது, அதுவும் போர் நடந்துகொண்டிருந்த உக்ரைனுக்கு அடுத்து. மறு வருஷம் உக்ரைனுக்காக லிவர்பூலிலேயே போட்டி நடந்தது, சொந்த மண்ணில் மே முல்லர் 24 புள்ளியோடு இருபத்தைந்தாவது. 2022 மே மாதம் பிரிட்டனை நேசித்த ஐரோப்பா 2023 மே மாதத்துக்குள் வெறுக்க ஆரம்பித்துவிட்டதா? இல்லை, பாட்டு மாறியது. அதிலும் அன்றைக்குக் குரல் ஒலிப்பதிவுக்கு அடியில் அமுங்கிப்போய்க் கேட்கவேயில்லை.

ரைடர் என்ன செய்தார் என்று யாராவது எழுதினார்களா? டிக்டாக்கில் அவருக்கு ஏற்கெனவே ஒரு கோடிக்கு மேல் ஆட்கள். போட்டிக்கு முன்பே ஐரோப்பாவில் ஊர் ஊராகப் போய்ப் பாடினார். அந்த உச்சஸ்தாயி மேடையிலேயே நேரடியாக வந்தது. யூரோவிஷனில் வாத்தியம் எல்லாம் டேப்தான், முதன்மைக் குரல் மட்டும் நேரலையாக இருந்தாக வேண்டும். மூன்று நிமிஷம், மேடையில் ஆறு பேருக்கு மேல் கூடாது. இந்த மூன்று கட்டுக்குள் எது நிற்கும் என்று யோசித்துச் செய்த பாட்டு அது.

2025 பாட்டுக்கு வருவோம். மூன்று பெண்களும் லண்டன் இசை நாடக மேடையில் பழகியவர்கள், குரல் சேர்க்கை சுத்தம், ஒரு சுருதிகூடப் பிசகவில்லை. 88 புள்ளி சும்மா வரவில்லை. பாட்டின் கட்டுமானத்தில்தான் கோளாறு. நடையும் வேகமும் மூன்று நிமிஷத்துக்குள் திரும்பத் திரும்ப மாறுகிறது. தாளம் பிடித்துக் கால் ஆட்ட ஆரம்பிக்கும்போது தாளம் போய்விடும். ஜூரி இதை "அட, துணிச்சல்" என்பார்கள், மதிப்பெண் போடுவதில் அசல்தன்மைக்கும் பங்கு உண்டு. வீட்டு சோபாவில் இருப்பவர் கதை வேறு. 26 பாட்டும் முடிந்ததும் ஒவ்வொன்றிலிருந்தும் சில வினாடி வெட்டி ஓட்டிக் காட்டுவார்கள். பாதிப் பேர் அதைப் பார்த்துத்தான் போனை எடுக்கிறார்கள் என்பது என் கணிப்பு. எஸ்டோனியாவின் காபிப் பாட்டில் எந்த வினாடியை வெட்டினாலும் அது அந்தப் பாட்டுதான். ஸ்வீடனின் நீராவிக் குளியல் பாட்டும் அப்படித்தான். வேகம் மாறிக்கொண்டே இருக்கிற பாட்டில் எதை வெட்டுவது? எதை வெட்டினாலும் மீதிப் பாட்டு வேறு பாட்டு.

மேடையோ, விழுந்து கிடக்கும் பெரிய சரவிளக்கு, பழங்காலக் கவுன், விடிய விடியக் கூத்தடித்து எழுந்த காலை மாதிரி. அழகுதான். எட்டாவதாக இவர்கள் பாடி முடித்தவுடன் ஒன்பதாவதாக ஆஸ்திரியாவின் ஜேஜே வந்தார். படம் முழுக்கக் கறுப்பு வெள்ளை, புயலில் ஒரு படகு, ஓபரா குரல், கடைசியில் டெக்னோ அடி. அந்தப் பாட்டுதான் ஜெயித்தது, 436 புள்ளி. சரவிளக்கு அங்கேயே மறந்துபோயிற்று.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே ஆடத் தெரிந்த பெண்கள் வாயைத் திறக்கவில்லை, வேடிக்கை பார்த்தவர்கள்தான் கூடம் கோணல் என்கிறார்கள்.

உண்மையான காரணம் ஒன்றை யாருமே பேசுவதில்லை. 1966-லிருந்து 1998 வரை, நடுவில் சில வருஷம் தவிர, ஒவ்வொரு நாடும் தன் சொந்த மொழியில்தான் பாட வேண்டும். அதாவது ஆங்கிலத்தில் பாட உரிமை பெற்றவர்கள் பிரிட்டன், அயர்லாந்து, மால்டா, அவ்வளவே. அந்த 1998-இல்கூட பிரிட்டன் இரண்டாவது. 1999-இல் யார் எந்த மொழியிலும் பாடலாம் என்று திறந்துவிட்டார்கள். அன்றிலிருந்து 2025 வரை 26 போட்டி. பிரிட்டன் முதல் பத்துக்குள் வந்தது மூன்றே முறை: 2002, 2009, 2022. ஈராக் போருக்கு முன்பே, பிரெக்சிட்டுக்கு இருபது வருஷம் முன்பே சறுக்கல் ஆரம்பித்துவிட்டது. வேலியை எடுத்ததும் தோட்டம் காய்ந்துபோனது, கதை இவ்வளவுதான். 2025-இல் இத்தாலி இத்தாலியனிலும் கிரீஸ் கிரேக்கத்திலும் அல்பேனியா அல்பேனியனிலும் பாடி முதல் எட்டுக்குள் வந்தன. ஆங்கிலம் இனி யாருக்கும் சீட்டு இல்லை.

ஈராக் என்றதும் 2003 ரீகா போட்டி ஞாபகம் வந்திருக்கும். ஜெமினி என்ற ஜோடி, பிரிட்டனின் முதல் பூஜ்யம். போரால் வந்த வினை என்று வர்ணனையாளர் டெரி வோகன் சொன்னதை இன்றுவரை வேதவாக்காகச் சொல்கிறார்கள். முதல் வரியிலிருந்தே சுருதி விலகிப் பாடிய பாட்டு அது! மேடையில் தங்களுக்கு இசையே சரியாகக் கேட்கவில்லை என்று அவர்கள் பிறகு சொன்னார்கள், நம்பலாம். காதில் இசை விழாதவர் சுருதியில் நிற்க முடியாது. அது ஒலியமைப்புப் பிரச்சினை. அதை வெளியுறவுக் கொள்கை ஆக்கிவிட்டார்கள்.

வோகன் மேல் எனக்குக் கோபம் என்று சொன்னால் லண்டன் நண்பர்கள் அடிக்க வருவார்கள். அவர் நக்கல் ரசிக்கத்தக்கதுதான். ஆனால் 2008 வரை ஒரு தலைமுறையே இந்தப் போட்டியை அவர் வழியாகக் கேலிக்கூத்தாகத்தான் பார்த்தது. கேலிக்கூத்துக்கு எந்தப் பெரிய பாடகர் போவார்? 2009-இல் இசையமைப்பாளர் ஆண்ட்ரூ லாயிட் வெப்பர் பாட்டுக்கு இசையமைத்து, தானே மேடையில் பியானோவில் உட்கார்ந்தார். ஜேட் யூவனுக்கு ஐந்தாவது இடம். 2008-இல் கடைசி, 2010-இல் கடைசி, நடுவில் ஐந்தாவது. மூன்றே வருஷத்தில் ஐரோப்பாவின் மனசு மாறி மறுபடி மாறியதா, இல்லை ஒரு வருஷம் மட்டும் ஒழுங்காக வேலை நடந்ததா?

"சரி, தீர்வு சொல்." சொல்கிறேன். ஸ்வீடன் தன் பாட்டைத் தேர்ந்தெடுக்கும் போட்டியை ஆறு சனிக்கிழமை, 30 பாட்டு, ஊர் ஊராக நேரலையில் நடத்துகிறது. எந்தக் கேமரா எந்த வரியில் எங்கே நிற்க வேண்டும் என்பது உள்ளூரிலேயே சோதித்து முடிந்துவிடும், அதை அப்படியே பெட்டியில் கட்டிக்கொண்டு வருவார்கள். பிரிட்டனின் பாட்டை அனுப்பும் பிபிசியும் 2016-லிருந்து 2019 வரை மக்களைக் கேட்டுத் தேர்ந்தெடுத்தது, ஒரே சாயங்காலத்தில். இருபத்துநாலாவது, பதினைந்தாவது, இருபத்துநாலாவது, கடைசி. ஆக மக்களைக் கேட்டால் மட்டும் போதாது, மாதக்கணக்கில் உழைக்க வேண்டும். அதிகப் பணம் கட்டுகிற பெரிய நாடுகளில் ஒன்று என்பதால் நேராக ஃபைனல் சீட்டு வேறு கிடைக்கிறது. அரையிறுதியில் வெளியேறுவோமோ என்ற பயம் இல்லாத இடத்தில் உழைப்பு எங்கிருந்து வரும்? 2024-லிருந்து இந்தப் பெரிய நாடுகளும் அரையிறுதி மேடையில் பாட்டை முழுதாகப் பாடிக் காட்டுகிறார்கள், "மக்கள் ஒரு தடவைதான் கேட்கிறார்கள்" என்ற சாக்கும் போயிற்று. 2024-இலும் மால்மோவில் பிரிட்டனின் ஆலி அலெக்சாண்டருக்கு மக்கள் ஓட்டில் இதே முட்டைதான்.

"உனக்கு என்ன வந்தது, நீ என்ன பிரிட்டன்காரனா" என்று கேட்பவர்களுக்கு: ஒன்றும் வரவில்லை. அந்தப் பெண்களின் பக்கங்களில் போய் "நாட்டின் மானத்தை வாங்கிவிட்டீர்கள்" என்று எழுதுகிறவர்களும், இங்கே "ஐரோப்பா வெறுக்கிறது" என்று எழுதுகிறவர்களும் ஒரே ஆட்கள்தான். சதி என்றால் அவர்கள் மேல் என்ன தப்பு? தப்பு அவர்களுடையது என்றால் சதி எங்கிருந்து வந்தது? ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள்.

2021-இல் பிரிட்டனுக்காகப் பாடியவர் ஜேம்ஸ் நியூமன். 'பிரிட்' விருது வாங்கிய பாட்டில் பங்கு உள்ள பாடலாசிரியர். மேடையில் இரண்டு ராட்சத எக்காளங்களுக்கு நடுவில் பாடினார். ஜூரி பூஜ்யம். பிறகு மக்கள் ஓட்டு அறிவிப்பு: பூஜ்யம். கேமரா அவர் முகத்துக்குப் போகிறது. மனிதர் எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்குகிறார். அரங்கம் முழுக்க ஆரவாரம். பக்கத்துச் சோபாக்களில் இருந்த மற்ற நாட்டுப் போட்டியாளர்கள் எழுந்து கைதட்டுகிறார்கள். நீங்கள் வெறுக்கிறது வெறுக்கிறது என்று சொல்லும் அதே ஐரோப்பாதான். வீடியோ யூடியூபில் இருக்கிறது, ஒரு நிமிஷம்கூட ஆகாது. பார்த்துவிட்டு வந்து கமெண்ட் போடுங்கள்.