பஸ்ராவில் பெயர் இல்லை, எண்ணிக்கைதான்
முதல் உலகப் போரில் கடல் கடந்து மாண்ட இந்தியச் சிப்பாய்கள் அனைவருக்கும் பெயர் பொறித்த நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது என்று இங்கே வந்த கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பிரான்சின் நவ் ஷப்பேல் நினைவகத்தில் 4,700-க்கும் மேற்பட்ட பெயர்கள் இருப்பது உண்மைதான். ஆனால் ஈராக்கில் 1929-இல் திறக்கப்பட்ட பஸ்ரா நினைவகத்தில் இந்திய அதிகாரிகளுக்குத்தான் பெயர். சாதாரணச் சிப்பாய்க்கு, இந்தப் படைப்பிரிவில் இத்தனை பேர் என்ற எண்ணிக்கை மட்டுமே. 2021-இல், போரில் மாண்டவரின் கல்லறைகளையும் நினைவகங்களையும் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே இதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. என் பாட்டியின் பெரியப்பா வட ஆற்காட்டிலிருந்து மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியியல் படையில் மெசபடோமியாவுக்கு (இன்றைய ஈராக்) போய்த் திரும்பாதவர். பாட்டி அவர் முகத்தைப் பார்த்ததே இல்லை, ஆனாலும் ஆடி அமாவாசையில் 'பஸ்ராவுக்குப் போனவருக்கு' என்று தனியாக ஓர் இலை போடுவார். அந்தப் போருக்காக எங்கள் ஊரில் வைத்த நினைவுக் கல்லிலும் போனவர் எத்தனை, மாண்டவர் எத்தனை என்ற கணக்கு மட்டும்தான். எங்கள் பக்கத்து எடுத்தனூரில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. அதில் மாண்ட வீரனின் பெயரோடு, கள்வரைக் கடித்த கோவிவன் என்ற நாயின் பெயரும் வெட்டப்பட்டிருக்கிறது. அந்த மண்ணிலிருந்து போனவருக்கா பெயர் இல்லாமல் போக வேண்டும்? வெள்ளையனுக்காகச் செத்தவரை ஏன் நினைக்க வேண்டும் என்று கட்டுரைக்கான கருத்துகளில் கேட்டிருக்கும் நண்பருக்கு: பாட்டியின் பெரியப்பா பேரரசுக்காகப் போகவில்லை, வீட்டில் அடுப்பெரியப் போனார். ஊர்க் கல்லில் அவர் பெயரையும் வெட்டச் சொல்லி ஊராட்சியில் மனு கொடுக்கப்போகிறேன்.