ரெண்டாவது ஆந்தை எங்க தம்பி?

(ஏதென்ஸ், கிமு 360 வாக்குல, டிபைலான் வாசல் பக்கம் ஒரு தச்சுப் பட்டறை. கட்டிலுக்குப் பேசின விலை 8 திராக்மா, அதாவது ஆந்தை போட்ட நாலு திராக்மா வெள்ளிக்காசு ரெண்டு. தத்துவஞானி பிளேட்டோ நடத்துற அகாடமியில படிக்கிற பையன் நீட்டுறது ஒண்ணு.)

தச்சர்: ரெண்டாவது ஆந்தை எங்க தம்பி?

பையன்: இது அசல் கட்டில் இல்லையேண்ணே.

தச்சர்: என்னது? மேப்பிள் மரம், நாலு காலும் கடைசல், இழைச்சு இழைச்சு என் கை தேஞ்சதுதான் மிச்சம், இத அசல் இல்லைங்கறியா? கட்டிலுக்குப் பேர்போன மிலேட்டஸ் ஊர் சரக்குன்னு சொல்லியா நான் வித்தேன்?

பையன்: கோவிச்சுக்காதீங்க. அசல் கட்டில் வேற, அது ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு.

தச்சர்: எவன் கடையில? பிரேயஸ் துறைமுகத்துல புதுசா ஒருத்தன் பட்டறை போட்டிருக்கானே, அவனா?

பையன்: கடையிலயே இல்லண்ணே. கண்ணுக்குத் தெரியாது, புத்திக்குத்தான் தெரியும். உளுக்காது, ஆடாது, பழசாகாது, கடவுள் செஞ்சது. அதை மனசுல வச்சுத்தான் நீங்க செய்யறீங்க, ஆக உங்களுது நகல். ஓவியன் உங்க கட்டிலப் பாத்து வரையறானே, அது நகலுக்கு நகல். பிளேட்டோ வாத்தியார் மூணு கட்டில் கணக்கு தெளிவா சொல்லிருக்காரு. நீங்க ரெண்டாவது எடம்.

தச்சர்: ரெண்டாவது எடத்துக்குப் பாதிக் கூலியா?

பையன்: ஓவியனுக்கு மூணாவது எடம்தான். கவிஞர்கள ஊருக்குள்ளயே விடக்கூடாதுங்கறாரு.

தச்சர்: சரி, அந்த அசல் கட்டில்ல யாராவது படுத்திருக்காங்களா?

பையன்: அது படுக்கறதுக்கு இல்லண்ணே.

தச்சர்: அப்புறம் எதுக்குடா அது கட்டிலு!

(நடுவுல நான் ஒரு வார்த்தை. போன வாரம் டெய்லர் கடையில ஒரு ஆளு, புதுச் சட்டையப் போட்டுக்கிட்டு கண்ணாடியில ரெண்டு தடவ திரும்பித் திரும்பிப் பாத்து சிரிச்சுட்டு, "நான் மனசுல நெனச்சது இது இல்லையே"ன்னு 100 ரூபாய குறைச்சுக் குடுத்துட்டு அதே சட்டையோடவே கெளம்பிப் போனாரு. அன்னைலேர்ந்து எனக்கு பிளேட்டோ மேல கோவம். பாவம், அவர் என்ன பண்ணுவாரு.)

தச்சர்: அதுல மூட்டைப்பூச்சி இருக்குமா?

பையன்: ச்சீ, இருக்காது.

தச்சர்: கட்டிலுக்கு மேல ஒரு அசல் இருக்குன்னா, மூட்டைப்பூச்சிக்கும் மேல ஒண்ணு இருக்கணும்ல? அழியாம, ஒத்தையா? அது எங்க போய் குடியிருக்கும்?

பையன்: (நெளிஞ்சுக்கிட்டே) முடி, சேறு, அழுக்கு இதுக்கெல்லாம் மேல மூலவடிவம் உண்டான்னு கேட்டா எங்களுக்கே கொஞ்சம் சங்கடம்தான்...

தச்சர்: கட்டிலுக்கு உண்டு, கடிக்கிறதுக்கு இல்ல. நல்ல ஏரியாவா இருக்கே, வாடகை எவ்வளவு?

பையன்: கிண்டல் பண்ணாதீங்க.

தச்சர்: நானா பண்றேன்? உங்க ஆளுங்க ஒரு பூசணிக்காயச் சுத்தி குனிஞ்சு நின்னு, இது என்ன வகைன்னு யோசிச்சு, உருண்டைக் காய்ங்கறான் ஒருத்தன், புல்லுங்கறான் ஒருத்தன், மரம்ங்கறான் இன்னொருத்தன். அந்தப் பக்கமா வந்த சிசிலி வைத்தியர் இதக் கேட்டுட்டு ஒரு குசு விட்டாரு பாரு.

பையன்: அது நாடகத்துல வர்றதுண்ணே!

தச்சர்: தெரியும், நானும் விழுந்து விழுந்து சிரிச்சேன். அன்னைக்கு நீங்க எனக்குத் தர வேண்டிய பாக்கி எதுவும் இல்ல. சரி, இதுவும் கட்டிலு, அதுவும் கட்டிலு. ரெண்டையும் கட்டில்னு எத வச்சு சொல்ற? ரெண்டுக்கும் பொதுவா மேல இன்னொண்ணு வேணாமா? அப்புறம் அந்த மூணுக்கும் சேத்து ஒண்ணு. ஆர்டர் குவியுதே தம்பி, அட்வான்ஸ் யாரு குடுக்கறா?

பையன்: ஸ்தாகிராவுல இருந்து 17 வயசுல வந்து சேர்ந்தான் ஒருத்தன், அரிஸ்டாட்டில்னு. அவனும் இதையேதான் நோண்டிக்கிட்டு இருக்கான். அவன் இங்க வந்து போறானா?

தச்சர்: எவனும் வரல. ரெண்டாவது ஆந்தையும் வரல.

பையன்: ஒரு ஆந்தைதான் குடுத்துட்டேனே.

தச்சர்: இது அசலா நகலா? அகோரா சந்தையில காசு சோதிக்கிறவன் உக்காந்திருக்கான், உள்ள செம்போ ஈயமோ இருந்தா அங்கயே குறுக்க வெட்டிப் போட்டுடுவான். அவன்கிட்ட இத நீட்டி, "கண்ணுக்குத் தெரியறதெல்லாம் நகல்னு படிச்ச பையன் சொல்லுது"ன்னு சொல்லட்டா?

பையன்: ஐயோ, காசு வேற விஷயம்ணே!

தச்சர்: ஆங். மரம்னா நகல், காசுன்னா அசல்.

பையன்: எங்க வாத்தியார் எங்ககிட்ட ஃபீஸே வாங்கறதில்ல தெரியுமா?

தச்சர்: பரம்பரைப் பணக்காரர், வாங்க வேணாம். ஃபீஸ் வாங்காத எடத்துல வளர்ற புள்ளைக்கு கூலி கேக்கறவன் கேவலமாத்தான் தெரிவான். ராத்திரி விருந்துல சாஞ்சு படுத்து மது குடிச்சுக்கிட்டே அழியாத உலகத்தப் பத்தி பேசறீங்களே, எது மேல சாஞ்சு பேசறீங்க? ஒரே ஒரு ராத்திரி அந்த அசல் கட்டில்ல சாஞ்சு பாருங்க, முதுகு பேசும்.

(குனிஞ்சு கட்டில் கயித்த அவுக்க ஆரம்பிக்கிறார்.)

பையன்: என்னண்ணே பண்றீங்க?

தச்சர்: கயிறு என்னுது, மரம் என்னுது. வடிவத்த மட்டும் நீ எடுத்துட்டுப் போ. கழுதை வண்டி கூட வேணாம்.

பையன்: இருங்க இருங்க இருங்க!

(சில்லறைய வாயில அடக்கி வச்சுக்கறது அந்த ஊர் வழக்கம். பையன் கன்னத்துல ஒதுக்கியிருந்த ஒத்த திராக்மாக்கள ஒவ்வொண்ணா உள்ளங்கையில துப்பறான். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு.)

தச்சர்: (வேட்டைநாய் மாதிரி குனிஞ்சு எண்ணிப் பாத்துட்டு) அதான் வந்ததுலேர்ந்து பேச்சு கொழகொழன்னு வந்துச்சா? நான் தத்துவம்னு நெனச்சுட்டேன்.