ஜர்னலிசம் படிக்க வைக்கலாமா?

"பொண்ணு ஜர்னலிசம்தான் படிப்பேன்னு நிக்கிறா. வேலை கிடைக்குமா சார்?" ரிசல்ட் வரும் சமயம் இன்பாக்ஸில் இந்தக் கேள்வி தவறாமல் வந்துவிடும். கிடைக்கும். ஆனால் அவள் மனதில் இருக்கும் மைக் பிடிக்கிற வேலைதானா என்றால், பெரும்பாலும் இல்லை.

இதற்குப் பட்டம் எதற்கு என்ற சண்டை நூறு வருஷத்துக்கும் மேல் பழசு. இதழியலுக்கென்றே ஒரு கல்லூரி வேண்டும் என்று 1892இல் அமெரிக்கப் பத்திரிகை அதிபர் ஜோசப் புலிட்சர் பணத்தோடு போய் நின்றபோது கொலம்பியா பல்கலைக்கழகம் மறுத்துவிட்டது. அங்கே இதழியல் கல்லூரி திறந்தது 1912இல். புலிட்சர் இறந்து கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஆகியிருந்தது. அதற்குள், 1908இலேயே, மிசூரி பல்கலைக்கழகம் அப்படி ஒன்றை ஆரம்பித்துவிட்டது. அதன் முதல் டீன் வால்டர் வில்லியம்ஸ் கல்லூரி வாசலையே மிதிக்காதவர்! அவர் செய்த நல்ல காரியம், வகுப்பு தொடங்கிய நாளிலேயே மாணவர்களைக் கொண்டு ஒரு பத்திரிகையை வெளியிட்டதுதான்.

நானும் சேர்க்கைக்கு முன் அதைத்தான் விசாரிக்கச் சொல்வேன். மாணவர்கள் எழுதுவது வெளியே யார் கண்ணிலாவது படுகிறதா? தப்பு வந்தால் திருத்தம் போடுகிறார்களா? கேமராவும் ஸ்டுடியோவும் அப்புறம். நான் பத்திரிகையின் செய்திப் பிரிவில் சேர்ந்த புதிதில் ஐந்து வரி விபத்துச் செய்தி ஒன்று எழுதினேன். "இறந்தவர் வயசு 42னு யார் சொன்னா?" என்று கேட்டார் சீனியர். பக்கத்து இருக்கைக்காரர் சொன்னார் என்றேன். எழுதிய செய்தி திரும்பி வந்தது. மூன்று வருஷப் படிப்பில் அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டிருக்கவில்லை.

என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் இன்று நியூஸ் ரூமில் இல்லை. மக்கள் தொடர்பு, விளம்பரம், தொண்டு நிறுவனங்கள், கன்டென்ட் என்று போய்விட்டார்கள். சம்பளமும் என்னைவிட அதிகம் (கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு). அதில் கேவலம் ஒன்றும் இல்லை. நேற்றுவரை கேள்வி கேட்ட மேஜைக்கு எதிர்ப்பக்கம் இப்போது உட்கார்ந்திருக்கிறோம் என்பது நினைவில் இருந்தால் சரி.

முடிந்தால் இளங்கலையில் பொருளாதாரமோ சட்டமோ புள்ளியியலோ படித்துவிட்டு, முதுகலையில் இதழியலுக்கு வரட்டும். லீட் (செய்தியின் தொடக்க வரிகள்) எழுத ஆறு மாதத்தில் பழகிவிடலாம். பட்ஜெட் ஆவணத்தைப் படித்து எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிக்க அது போதாது. உண்மை சரிபார்ப்பு, தரவு இதழியல் பக்கம் ஆள் தேடுபவர்களும் இதைத்தான் கேட்கிறார்கள்.

போன வாரம் கேட்ட அப்பாவிடம் ஒன்று சொன்னேன்: முன்பின் தெரியாத ஒருவருக்குப் போன் போட்டு, அவருக்குப் பிடிக்காத ஒரு கேள்வியை உங்கள் பெண்ணைக் கேட்கச் சொல்லுங்கள். போனை வைத்ததும் அவளுக்கு என்ன தோன்றியது என்று எனக்கு எழுதட்டும். இன்னும் எழுதவில்லை.