‘கவனமில்லை’ என்று எழுதப்படும் குழந்தைகள்

மதிப்பெண் அட்டைகளில் ஆசிரியர்கள் எழுதும் குறிப்புகளில் எனக்குக் கொஞ்சமும் ஆகாதது ‘வகுப்பில் கவனமில்லை’ என்பது. வீட்டில் அடி உதைக்கும் வசவுக்கும் நடுவே வளரும் குழந்தையைப் பற்றி அப்படி எழுதினால் அது பெரும்பாலும் தவறான தகவலும்கூட. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சேத் போலக் என்ற உளவியலாளர் குழந்தைகளுக்கு முகப் படங்களைக் காட்டினார். படம் மங்கலாகத் தொடங்கிச் சிறிது சிறிதாகத் தெளிவாகும். அடிபட்டு வளர்ந்த குழந்தைகள், மற்றவர்களுக்கு முகமே சரியாகப் பிடிபடாத நிலையில், அதில் உள்ள கோபத்தைக் கண்டுகொண்டார்கள். 2002-இல் வெளிவந்த ஆய்வு இது. இவ்வளவு கூர்மையாகப் பார்க்கத் தெரிந்த பிள்ளையிடமா கவனமில்லை? அவன் பாடத்தைக் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். உங்கள் புருவத்தையும் குரலையும் கவனித்துக்கொண்டிருக்கிறான்.

ஆபத்து என்று உணர்ந்ததும் உடலில் கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் சுரக்கிறது. கொஞ்ச நேரம் சுரந்து அடங்கினால் கெடுதல் இல்லை. தேர்வுக்கு முந்தைய படபடப்பு யாரையும் முடக்கிவிடுவதில்லை. அன்றாடம் அச்சத்திலேயே இருக்கும் குழந்தைக்கோ அந்த ஏற்பாடே தடம் மாறிவிடுகிறது. புதிதாகக் கற்றதை நினைவில் பதிக்க உதவும் ஹிப்போகாம்பஸ் கார்ட்டிசாலுக்கு எளிதில் ஆட்படும் மூளைப் பகுதி. நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் பகுதியும் அப்படித்தான். அது முழுமையாக முதிர்வதற்கு இருபது வயதுக்கு மேலும் ஆகிறது. ஒரு கணக்கைப் படித்து, எண்களை மனத்தில் நிறுத்தி, தேவையற்றதை ஒதுக்கி, அடுத்த படிக்கு நகர்வதெல்லாம் அதன் வேலை. மிகுந்த அச்சத்தில் மூளை முதலில் கைவிடுவது அதைத்தான். அந்த நேரத்தில் ‘யோசித்துப் பாரடா’ என்று அதட்டுகிறோம். யோசிப்பதற்கான இடம்தான் அப்போது வேலை செய்வதில்லை.

பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்திர சட்டர்ஜியின் குழு எலிகளிடம் கண்டறிந்தது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. தொடர்ந்து அழுத்தத்துக்கு ஆளான எலிகளுக்கு ஹிப்போகாம்பஸில் நரம்புக் கிளைகள் சுருங்கின. அச்சத்தைக் கையாளும் அமிக்டலாவிலோ கிளைகள் அடர்ந்து வளர்ந்தன. அழுத்தத்தை நிறுத்தி மூன்று வாரம் நிம்மதியாக விட்ட பிறகும் அமிக்டலாவின் அந்த வளர்ச்சி பழைய நிலைக்குத் திரும்பவில்லை. எலிக்கு நடந்தது மனிதனுக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்லிவிட முடியாதுதான். ஆனாலும், ‘இப்போதுதான் நல்ல வீட்டுக்கு வந்துவிட்டாளே, இன்னும் என்ன பயம்?’ என்று கேட்பவர்கள் இதை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

இதை எழுதும்போதே இன்னொரு கூட்டத்தோடும் எனக்குச் சண்டை இருக்கிறது. மனக்காயம் பட்ட குழந்தையின் மூளை ‘சேதமடைந்துவிட்டது’ என்று பரிதாபக் குரலில் பேசுகிறவர்கள். சோம்பேறி என்ற பட்டத்தை எடுத்துவிட்டுப் பழுதுபட்டவன் என்ற பட்டத்தைக் கட்டுவதால் அந்தப் பிள்ளைக்கு என்ன லாபம்? 1998-இல் வின்சென்ட் ஃபெலிட்டியும் ராபர்ட் ஆண்டாவும் வெளியிட்ட, குழந்தைப் பருவத் துயரங்கள் பற்றிய புகழ்பெற்ற ஆய்வை இவர்கள் அடிக்கடி துணைக்கு அழைப்பார்கள். துயரங்களின் வகைகள் கூடக்கூட, வளர்ந்த பிறகு வரும் நோய்களும் கூடுவதை அது காட்டியது. அது பெருந்திரளான மக்களைப் பற்றிய உண்மை. ஒருவர் பட்ட துயரங்களின் வகைகளை எண்ணிப் போடும் அந்த மதிப்பெண்ணை வைத்துத் தனி ஒருவரின் எதிர்காலத்தைக் கணிக்கக் கூடாது என்று ஆண்டாவே 2020-இல் எழுதினார். இணையத்தில் அந்த மதிப்பெண்ணுக்கான கேள்விகளுக்கு விடை சொல்லித் தன் தலையெழுத்தைத் தெரிந்துகொண்டதாக நம்புகிறவர்களிடம் இதை யார் சொல்வது?

அடி மட்டுமே காயம் என்பதும் இல்லை. யாரும் தூக்காமல், பேசாமல், அழுதால் வந்து பார்க்காமல் விடப்படுவதன் விளைவை ருமேனியாவின் அநாதை இல்லங்கள் காட்டின. 2000-இல் புக்கரெஸ்டில் தொடங்கிய ஆய்வில், அத்தகைய இல்லங்களில் இருந்த 136 சிறு குழந்தைகளில் பாதிப் பேர் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். நான்கரை வயதில் இல்லத்துப் பிரிவின் சராசரி நுண்ணறிவு அளவு 73, குடும்பத்துக்குப் போனவர்களுக்கு 81, பெற்றோரோடு வளர்ந்த குழந்தைகளுக்கு 109. இரண்டு வயதுக்குள் குடும்பம் கிடைத்தவர்கள் கூடுதலாகத் தேறினார்கள். (பாதிக் குழந்தைகளை அங்கேயே விட்டுவைத்த ஆய்வு சரிதானா என்ற விவாதம் இன்றும் நடக்கிறது. அந்த உறுத்தல் எனக்கும் உண்டு.) 73-க்கும் 81-க்கும் உள்ள இடைவெளியை உண்டாக்கியது மருந்து அல்ல, கூப்பிட்டால் வந்து நிற்கும் ஒரு மனிதர். ஆனால் 109-ஐ எட்ட அதுவும் போதவில்லை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வகுப்பறையில் இதற்கெல்லாம் பெரிய பயிற்சி முகாம் நடத்த வேண்டியதில்லை. தேர்வை முன்கூட்டியே சொல்லுங்கள். எதிர்பாராமல் எழுப்பிக் கேள்வி கேட்டு மானத்தை வாங்காதீர்கள். முதுகுக்குப் பின்னால் வந்து நிற்காதீர்கள். கதவைப் பார்த்தபடி உட்கார விரும்பும் பிள்ளையை அங்கேயே உட்கார விடுங்கள். சத்தமே போடாத, எதற்கும் தலையாட்டுகிற, ‘நல்ல பிள்ளை’ என்று பெயரெடுத்த குழந்தையையும் கொஞ்சம் பாருங்கள். அச்சம் சிலரைத் துள்ள வைக்கிறது, சிலரை உறைய வைக்கிறது, உறைந்தவர்களைப் பற்றி யாரும் புகார் சொல்வதில்லை. இதையெல்லாம் செல்லம் கொடுத்துக் கெடுப்பது என்பவர்கள், தண்டனைக்குப் பிறகு அதே பிள்ளையிடம் அன்று நடத்திய பாடத்தைக் கேட்டுப் பாருங்கள். பாடம் நினைவிருக்காது. நீங்கள் எந்தக் கையை ஓங்கினீர்கள் என்பது நினைவிருக்கும்.