துரோகி என்று எழுதுவது எளிது

இங்கிலாந்தின் ஆதிக்கத்தை எதிர்த்து நடந்த ஸ்காட்லாந்து விடுதலைப் போர்களைக் களமாகக் கொண்ட வரலாற்று நாவல்களை நான் தேடித் தேடிப் படிப்பவன். ஆனால் அவற்றுள் பல, பின்னாளில் ஸ்காட்லாந்தின் மன்னரான ராபர்ட் புரூஸின் பக்கம் நின்ற வீரர்களை விசுவாசிகள் என்றும் எதிர்த்து நின்றவர்களைத் துரோகிகள் என்றும் கூறுபோட்டுவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

புரூஸின் போட்டியாளராக இருந்த ஸ்காட்லாந்துப் பிரபு ஜான் காமினைப் பாருங்கள். 1302-இல் புரூஸ் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டிடம் பணிந்துவிட்டார். காமினோ, தம் தாய்மாமனும் அரியணை இழந்த ஸ்காட்லாந்து மன்னருமான ஜான் பேலியலின் பெயரால் போரைத் தொடர்ந்து, 1303 பிப்ரவரியில் ராஸ்லினில் ஆங்கிலப் படையை முறியடித்து, 1304 தொடக்கத்தில்தான் உடன்பாட்டுக்கு இறங்கினார். அப்படிப்பட்டவரை 1306 பிப்ரவரி 10 அன்று டம்ஃப்ரீஸில் ஒரு தேவாலயத்துக்குள் புரூஸ் குத்திச் சாய்த்தார். ஆறு வாரங்களில், ஸ்காட்லாந்து மன்னர்கள் முடிசூடும் இடமான ஸ்கோனில் முடியும் சூடிக்கொண்டார். தங்கள் இரத்த உறவைக் கோயிலுக்குள் கொன்ற ஒருவரை மன்னராக ஏற்க மறுத்த காமின் குடும்பத்தாரை எந்த நியாயத்தில் துரோகிகள் என்பது? பல நாவல்கள் இக்கொலையை அவசரமாகக் கடந்துவிடுகின்றன. புரூஸின் பேரன் ஆட்சியில் கவிஞர் ஜான் பார்பர் புரூஸைப் பற்றி இயற்றிய காவியம் வென்றவர்களின் பார்வையைப் பிற்காலத்துக்குக் கடத்தியதும் இதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இசபெல்லாவின் கதை இன்னும் கொடியது. அவருடைய கணவர் புக்கன் பிரபு, காமின் குலத்தவர். பிறந்த வீடோ, மன்னரை அரியணையில் அமர்த்தும் உரிமை பெற்ற ஃபைஃப் குடும்பம். வாரிசு ஆங்கிலேயர் பிடியில் இருந்ததால், அந்த உரிமையை நிறைவேற்ற இசபெல்லாவே ஸ்கோனுக்குச் சென்று புரூஸுக்கு முடிசூட்டினார். அதற்குத் தண்டனையாக ஆங்கிலேயரால் பெரிக் கோட்டையில் சுமார் நான்காண்டுகள் கூண்டில் அடைக்கப்பட்டார். பிறந்த வீட்டுக்குச் செய்த கடமை, புகுந்த வீட்டுக்குப் பகையானது.

நான் படிக்க ஏங்குவது ஃபிலிப் மௌப்ரேயைப் பற்றிய நாவலை. ஸ்காட்லாந்துக்காரரான அவர் ஸ்டர்லிங் கோட்டையை ஆங்கிலேயருக்காகக் காத்தவர். 1314 கோடையின் நடுநாளுக்குள் உதவிப்படை வந்து மீட்காவிட்டால் கோட்டையை ஒப்படைப்பதாக முற்றுகையிட்டிருந்த, ராபர்ட் புரூஸின் தம்பி எட்வர்ட் புரூஸிடம் வாக்களித்தார். அந்த வாக்குதான், புரூஸ் ஆங்கிலப் படையை வென்ற பானக்பர்ன் போருக்கே வழிவகுத்தது. தோற்று ஓடிவந்த இங்கிலாந்து மன்னர் இரண்டாம் எட்வர்டுக்கு அந்தக் கோட்டையில் அடைக்கலம் கிடைக்கவில்லை. மௌப்ரே வாக்குப்படி கோட்டையை ஒப்படைத்து, புரூஸின் பக்கம் சேர்ந்தார். செஞ்சோற்றுக்கடனுக்கும் கொடுத்த வாக்குக்கும் இடையில் அந்த மனிதர் என்ன பாடுபட்டிருப்பார் என்பதை யாராவது முந்நூறு பக்கங்களில் பொறுமையாக எழுத வேண்டும்.